முதல் ராத்திரிக்கு மட்டும் ரூம்: ஆறு வருஷ அனுபவம்

ஆறு வருஷமாக நான் ஊர் சுற்றுவது இப்படித்தான்: முதல் ராத்திரிக்கு மட்டும் ரூம் போட்டுவிட்டுக் கிளம்புவேன், மிச்சத்தை வழியில் பார்த்துக்கொள்வேன். ஊர் பிடித்தால் இன்னும் இரண்டு நாள், பிடிக்காவிட்டால் மறுநாளே மூட்டையைக் கட்டலாம். ரூம் போடும் ஆப்களில் புக்கிங் டாட் காம், அகோடா, ஹோட்டல் டுநைட் என்று மாற்றி மாற்றிப் பார்த்திருக்கிறேன். மூன்றுமே தேடுவதற்கு நல்லவை, ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நம்புவதற்கு இல்லை.

கடைசி நேரத்தில் போட்டால் மலிவு என்பது பாதி உண்மை. பெரிய நகரம், வாரநாள் என்றால் காலி ரூமைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள், ஹோட்டல் டுநைட் ஆரம்பித்ததே அந்த மாதிரி ரூம்களை விற்கத்தான் (2019-இல் அதை, வீடுகளைத் தங்க வாடகைக்கு விடும் தளமான ஏர்பிஎன்பி வாங்கிவிட்டது). நாலே நாலு லாட்ஜ் இருக்கிற சின்ன ஊரில், அதுவும் சனிக்கிழமை என்றால், கதை தலைகீழ். நான் மதியம் இரண்டு, மூன்று மணிக்குத் தேடுவேன். முதல் நாள் தங்கியவர்கள் காலி செய்து போயிருப்பார்கள், எத்தனை ரூம் மிச்சம் என்று ஹோட்டலுக்கே அப்போதுதான் தெளிவாகத் தெரியும். அப்போது கிடைக்கவில்லையா, ஆறு மணிக்கு மேல் இன்னொரு தடவை பாருங்கள். சில இடங்களில் அன்று மாலை வரை இலவசமாக ரத்து செய்ய விடுவார்கள், அப்படி ரத்தானவை திரும்ப வந்து விழும்.

நள்ளிரவு தாண்டினால் மட்டும் ஜாக்கிரதை. ஒரு தடவை பஸ் தாமதமாகி ராத்திரி ஒரு மணிக்கு இறங்கினேன், தூக்கக் கலக்கத்தில் 'இன்று' என்பதைத் தட்டிப் பணமும் கட்டிவிட்டேன். ஆப் கணக்குப்படி இன்று என்றால் விடிந்து மதியம் இரண்டு மணிக்கு மேல்தான்! நான் முந்தைய நாள் தேதியைப் போட்டிருக்க வேண்டும். ரத்து செய்தால் பணம் திரும்பாத ரூம் வேறு, ரிசப்ஷன் சோபாவில் உட்கார்ந்தபடியே விடிந்தது.

'ஒரே ஒரு ரூம்தான் பாக்கி' என்று சிவப்பு எழுத்தில் பயமுறுத்துவதைப் பார்த்துப் பதறாதீர்கள். அது அந்தத் தளத்துக்கு ஹோட்டல் ஒதுக்கியதில் மிச்சம், ஹோட்டலிலேயே அவ்வளவுதான் என்று அர்த்தமில்லை. இந்த மாதிரி அவசரப்படுத்தலை, வணிகப் போட்டி நியாயமாக நடக்கிறதா என்று கவனிக்கும் பிரிட்டன் ஆணையம் விசாரித்தது, 2019-இல் ஆறு ஹோட்டல் புக்கிங் தளங்கள் தங்கள் முறையை மாற்ற ஒப்புக்கொண்டன.

தூரமும் அப்படித்தான், ஆப் பெரும்பாலும் நேர்கோட்டில் அளந்து சொல்கிறது. 'மையத்திலிருந்து ஒரு கிலோமீட்டர்' என்று போட்டிருந்த இடத்துக்கு நடுவில் ஆறு ஓடியது, பாலம் எங்கோ இருந்தது. அதிலிருந்து மேப்பை விரித்து, நடக்கும் வழியைப் பார்த்துவிட்டுத்தான் பணம் கட்டுகிறேன். விமர்சனங்களில் கடைசி மூன்று மாதத்தை மட்டும் படித்தால் போதும், அதிலும் 'சத்தம்' என்ற வார்த்தையைத் தேடிப் பாருங்கள்.

ஆப்பில் இடத்தைக் கண்டுபிடித்ததும், பணம் கட்டும் முன் ஹோட்டலுக்கே போன் போடுவது என் வழக்கம். ராத்திரி எத்தனை மணி வரை ரிசப்ஷனில் ஆள் இருப்பார், நேரடியாக வந்தால் என்ன வாடகை, இந்த இரண்டு கேள்விதான். வாடகை குறைவது சில சமயம்தான். ஆனால் ஏதாவது சிக்கல் வந்தால் ஹோட்டல்காரர் ஆப்பைக் கேளுங்கள் என்பார், ஆப்காரர் ஹோட்டலைக் கேளுங்கள் என்பார், நேரடியாகப் போட்டால் அந்த அலைச்சல் மிச்சம்.

இலவச ரத்து உள்ள ரூமை முன்கூட்டியே பிடித்து வைத்துக்கொண்டு வேறு தேடுவதும் உண்டு. ரத்து செய்வதற்கான கெடு, ஹோட்டல் இருக்கும் ஊரின் நேரப்படி, உங்கள் போன் காட்டும் நேரப்படி அல்ல. நாடு தாண்டும்போது இதில் ஒரு தடவை ஏமாந்தேன். அப்புறம், சின்ன லாட்ஜில் இப்படிப் பிடித்து வைப்பதை விட்டுவிட்டேன். அவர்களிடம் இருப்பதே ஐந்து ரூம், அதில் ஒன்றை நான் சும்மா அடைத்து வைப்பது என்ன நியாயம்?