கொடைக்கானலா, ஊட்டியா? மலைப்பள்ளியில் சிறுபிள்ளையைச் சேர்க்கும் முன்

மலையில் ஒரு இன்டர்நேஷனல் பள்ளியில் பிள்ளையைச் சேர்ப்பது என்று முடிவானதும் வீட்டில் எழும் முதல் விவாதம் ஐபியா (இன்டர்நேஷனல் பாக்கலரியேட்), கேம்பிரிட்ஜா, எந்த வெளிநாட்டுப் பாடத்திட்டம் என்பதுதான். பிளஸ் ஒன் சேரப்போகிற பிள்ளைக்கு அது தலையாய கேள்வி. ஏழு வயதுப் பிள்ளைக்கு, அதிலும் கற்றலில் உதவி தேவைப்படும் பிள்ளைக்கு, அது மூன்றாவதாக வந்தால் போதும். சேர்க்கைக்கு முன்பு பிள்ளையை உட்காரவைத்துப் பேசிப் பார்க்கிறார்களே, அந்த இன்டராக்‌ஷனில் தெரிந்துகொண்டதை வைத்துப் பள்ளி என்ன செய்கிறது? வாசலிலேயே வடிகட்டுகிறதா, சேர்ந்த பிறகு என்ன உதவி தேவைப்படும் என்று குறித்துக்கொள்கிறதா? நான் பள்ளிகளை இதை வைத்துத்தான் ஒப்பிடுவேன்.

முதலில் களத்தில் இருப்பவர்களைப் பார்த்துவிடலாம். கொடைக்கானல் இன்டர்நேஷனல் ஸ்கூல் 1901இல் அமெரிக்க மிஷனரிகளின் பிள்ளைகளுக்காகத் தொடங்கியது. இந்தியாவில் முதன்முதலாக ஐபி முறையைக் கொண்டுவந்த பள்ளியும் அதுதான், 1976இல். ஊட்டியில் தாவரவியல் பூங்காவை ஒட்டி இருக்கும் ஹெப்ரான் 1899இல் தொடங்கியது, பிரிட்டிஷ் பாடத்திட்டம். 1977இல் வந்த குட் ஷெப்பர்ட் முழு விடுதிப் பள்ளி. ஐசிஎஸ்இ, ஐஜிசிஎஸ்இ, ஐபி டிப்ளமோ மூன்றும் அங்கே உண்டு. இவை தவிர குன்னூர், கேத்தி, கோத்தகிரி பக்கம் பழைய ஆங்கிலோ இந்தியப் பள்ளிகளும் கான்வென்ட்களும் இருக்கின்றன. பெயரில் இன்டர்நேஷனல் இல்லாததால் பலர் அவற்றைப் பட்டியலிலேயே சேர்ப்பதில்லை.

பாடத்திட்டம் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஐபியின் தொடக்கநிலைத் திட்டத்தை எல்லோரும் பிஒய்பி என்பார்கள். ஆறு பெருங்கருத்துகளைச் சுற்றிப் பாடம் நடக்கும், வெளித்தேர்வு கிடையாது, கடைசி ஆண்டில் பிள்ளைகள் ஒரு பொருளை ஆராய்ந்து கண்காட்சி வைப்பார்கள். கேம்பிரிட்ஜ் வழியில் ஆங்கிலம், கணக்கு, அறிவியல் மூன்றும் தனித்தனியாக நிற்கும், தொடக்கநிலை முடிவில் செக்பாயின்ட் என்று ஒரு தேர்வு வைக்கலாம். பிரிட்டிஷ் முறையில் ‘இயர்’ எண் நம் வகுப்பு எண்ணைவிட ஒன்று கூடுதல் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். இயர் 11 முடிவில் எழுதுவதுதான் ஐஜிசிஎஸ்இ, அதாவது நம் பத்தாம் வகுப்பு. இயர் 5 படித்த பிள்ளை சென்னைக்குத் திரும்பினால் ஐந்தாம் வகுப்பில்தான் உட்காரும். இது தெரியாமல் ‘ஒரு வருஷம் போச்சே’ என்று புலம்புகிறவர்கள் உண்டு.

வாசிப்பில் தடுமாறும் பிள்ளைக்கு எது நல்லது என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் யோசிக்காமல் பிஒய்பி என்பார்கள். பேசிக் காட்டலாம், வரைந்து காட்டலாம், செய்து காட்டலாம், மதிப்பெண் பயம் இல்லை. உண்மைதான். ஆனால் அதே காரணத்தால் குறை ஒளிந்தும் கொள்ளும். ஐசிஎஸ்இ பள்ளியில் இரண்டாம் வகுப்பு டிக்டேஷனிலேயே சிவப்பு மை காட்டிக்கொடுத்துவிடும். பிஒய்பி ரிப்போர்ட்டில் ‘ஆர்வமுள்ள சிந்தனையாளர்’ என்று இருக்கும், பிள்ளையோ ஒரு பத்தியை முழுசாக வாசிக்கத் திணறிக்கொண்டிருக்கும். எனவே பிஒய்பி பக்கம் போகிறவர்கள் பருவத்துக்கு ஒருமுறை வாசிப்பு அளவைத் தனியாகச் சோதித்துச் சொல்வார்களா என்று கேட்க வேண்டும்.

இனி சேர்க்கை. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு பிள்ளையையோ பெற்றோரையோ வடிகட்டும் தேர்வு கூடாது என்கிறது. மீறினால் முதல் முறை 25,000 ரூபாய் வரை அபராதம், அடுத்தடுத்த முறை 50,000 வரை. படிக்கத் தெம்பாகத்தான் இருக்கும். ஆனால் 2014இல் பிரமதி வழக்கில் உச்ச நீதிமன்றம், சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்றது. மலையில் கிறிஸ்தவ அமைப்புகள் நடத்தும் பள்ளிகள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் வந்தது. அதன் 21 வகைப் பட்டியலில் கற்றல் குறைபாடும் ஆட்டிசமும் உண்டு. அரசு நிதியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளிகள் எல்லோரையும் உள்ளடக்கிக் கற்பிக்க அரசு முயல வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். அந்த ‘முயல’ என்ற சொல்லை வைத்துக்கொண்டு அட்மிஷன் ஆபீசில் சண்டை போட முடியாது.

சட்டம் இப்படி வழவழவென்று இருப்பதால்தான் பெற்றோர் ரிப்போர்ட்டை மறைக்கிறார்கள். கோவையிலோ சென்னையிலோ மனநல நிபுணரிடம் எடுத்த மதிப்பீட்டை அலமாரியில் பூட்டிவிட்டு இன்டராக்‌ஷனுக்குப் போவது சாதாரணமாக நடக்கிறது. அவர்கள் பயம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் காட்டிவிடுவதே மேல். விடுதிப் பள்ளியில் ஒரு மாதத்துக்கு மேல் எதுவும் மறையாது. பிறகு ‘நீங்கள் முதலிலேயே சொல்லவில்லை’ என்ற ஒரே வரியை வைத்துப் பள்ளி தன் பொறுப்பிலிருந்து கழன்றுகொள்ளும். முன்கூட்டியே காட்டினால், இடம் தராத பள்ளி எது என்பது ஃபீஸ் கட்டுவதற்கு முன்பே தெரிந்துவிடும். அதுவும் லாபம்தான். காட்டிய கையோடு, என்ன உதவி தருவார்கள் என்று மின்னஞ்சலில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

ஐபி பள்ளிகளுக்கு நான் ஒரு மதிப்பெண் கூடுதலாகப் போடுவது இந்த இடத்தில்தான். சேர்க்கை, உள்ளடக்கிய கல்வி, மொழி, மதிப்பீடு ஆகியவற்றுக்கு எழுத்துவடிவில் கொள்கை வைத்திருக்க வேண்டும் என்பது ஐபி விதி. கேட்டால் எடுத்துக் காட்டியாக வேண்டும். பழைய கான்வென்டில் இப்படிக் காகிதம் இருக்காது. ஆனால் இருபது வருஷமாக மூன்றாம் வகுப்பு எடுக்கும் ஒரு டீச்சர் இருப்பார். சில பிள்ளைகளுக்குக் காகிதத்தைவிட அவரே பெரிய உதவி. அவர் ஓய்வு பெற்றுப் போனால் என்ன என்பதுதான் அங்கே சிக்கல்.

உதவி என்று பொதுவாகச் சொல்வதில் இரண்டு வேறு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. ஆங்கிலம் புதிதாகக் கற்கும் பிள்ளைக்கு மொழி உதவி, கற்றலில் சிரமம் உள்ள பிள்ளைக்குச் சிறப்பு ஆசிரியர் உதவி. கொரியாவிலிருந்து வந்த பிள்ளையும் உடுமலைப்பேட்டையிலிருந்து வந்த பிள்ளையும் முதல் சில மாதங்கள் வகுப்பில் வாயே திறக்காமல் இருக்கலாம். அது குறைபாடு அல்ல. விளையாட்டு மைதான ஆங்கிலம் ஓரிரு ஆண்டில் வந்துவிடும், பாடப்புத்தக ஆங்கிலத்துக்கு ஐந்து முதல் ஏழு ஆண்டு பிடிக்கும் என்பது இரண்டாம் மொழி கற்றலை ஆராய்ந்த ஜிம் கம்மின்ஸ் முன்வைத்த கணக்கு. நன்றாகப் பேசுகிற பிள்ளை எழுத்தில் திணறினால் உடனே டிஸ்லெக்ஸியா (வாசிப்பு, எழுத்துக் குறைபாடு) என்று முத்திரை குத்துகிற பள்ளியும் சரியில்லை, ‘ஆங்கிலம் வந்தால் எல்லாம் சரியாகிவிடும்’ என்று மூன்று வருஷம் தள்ளுகிற பள்ளியும் சரியில்லை. பிள்ளைக்குத் தமிழில் வாசிக்க வருகிறதா என்று சோதித்துப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும். அதைச் செய்ய ஆள் இருக்கிறதா என்று கேளுங்கள். தமிழ்நாட்டு மலையில் இருந்துகொண்டு இல்லை என்றால் அது வெட்கக்கேடு.

அப்புறம், சிறப்பு ஆசிரியர் எங்கே வேலை செய்கிறார்? வகுப்புக்குள் வந்து பக்கத்தில் உட்காருகிறாரா, பிள்ளையை வெளியே அழைத்துப் போகிறாரா? வெளியே என்றால் எந்தப் பீரியடில்? பி.டி., பாட்டு, ஓவியம் என்று பிள்ளைக்குப் பிடித்த நேரத்தையெல்லாம் பிடுங்கி எழுத்துக்கூட்டச் சொன்னால் அந்தப் பிள்ளை பள்ளியையே வெறுக்கும். பிள்ளை கூடவே நாள் முழுக்க இருக்கும் ஷேடோ டீச்சர் வேண்டும் என்றால் சம்பளம் யார் தலையில்? பெரும்பாலும் பெற்றோர் தலையில்தான். அவர் தங்க இடமும் நீங்களே பார்க்க வேண்டியிருக்கலாம்.

கொடைக்கானலும் ஊட்டியும் உண்மையிலேயே பிரிகிற இடம் ஒன்று உண்டு. பேச்சுப் பயிற்சியாளர், குழந்தை மனநல மருத்துவர் போன்றவர்களைத் தேடி இரண்டு ஊரிலிருந்தும் கீழே இறங்கத்தான் வேண்டும். ஊட்டிக்குக் கோவை, ஏறத்தாழ 85 கிலோமீட்டர். கொடைக்கானலுக்கு மதுரை, 120 கிலோமீட்டர் அளவில். கோவையில் ஆட்களும் அதிகம். வாரம் ஒருமுறை தெரபி தேவைப்படும் பிள்ளைக்கு ஊட்டி, குன்னூர் பக்கம்தான் என் ஓட்டு. குன்னூர் இன்னும் கீழே, சுமார் 1,850 மீட்டர், ஊட்டி 2,240. இழுப்பு உள்ள பிள்ளைக்கு ஊட்டியின் டிசம்பர், ஜனவரி உறைபனியில் அந்த வித்தியாசம் பெரிது. பார்க்க வரும் பெற்றோர் இ-பாஸும் எடுக்க வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் இரண்டு மலைக்குமே அது உண்டு.

விடுதி விஷயத்தில் என் கருத்து கறாரானது. உதவி தேவைப்படும் சிறுபிள்ளை எட்டு, ஒன்பது வயது வரை டே ஸ்காலராக இருப்பதே நல்லது. அம்மாவோ அப்பாவோ பாட்டியோ மலையில் வாடகைக்கு வீடு பிடித்துத் தங்க முடிந்தால் கொடைக்கானல் இன்டர்நேஷனலும் ஹெப்ரானும் பரிசீலிக்கத்தக்கவை. முழு விடுதிப் பள்ளியில் அந்த வழியே இல்லை. முடியாது, விடுதிதான் என்றால் வகுப்பறையைவிட டார்மை அதிக நேரம் பாருங்கள். விடுதியில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஒரு டார்ம் பேரன்ட்டுக்கு எத்தனை பிள்ளைகள்? இரவில் படுக்கை நனைந்தால் மற்றவர்களுக்குத் தெரியாமல் மாற்றுவார்களா? காலை மாத்திரையை யார் கொடுக்கிறார்கள், எங்கே எழுதிவைக்கிறார்கள்? மாலைப் படிப்பு நேரத்தில் கூட இருப்பவருக்குச் சிறப்பு ஆசிரியரின் திட்டம் தெரியுமா? பகலில் ஒரு விதமாகவும் இரவில் வேறு விதமாகவும் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைதான் குழம்பும்.

இன்னொரு வழியையும் சொல்லாமல் விட்டால் ஒப்பீடு முழுமையாகாது. அரசுப் பள்ளிகளுக்கு வட்டார வள மையங்களிலிருந்து சிறப்பு ஆசிரியர்கள் வருகிறார்கள், கட்டணம் கிடையாது. 6 முதல் 18 வயது வரை, 40 சதவீதத்துக்குக் குறையாத குறைபாட்டுக்குச் சான்று உள்ள பிள்ளைக்கு அருகமைப் பள்ளியில் இலவசக் கல்வி என்பதும் 2016 சட்டத்திலேயே இருக்கிறது. ஆங்கிலத்துக்காகவும் வெளிநாட்டுக் கல்லூரிக்காகவும் மலையேறுகிறவர்களுக்கு இது ஒத்துவராது, சரி. ஆனால் பிள்ளை பேசப் பழகவும் நாலு பேரோடு சேரவும் வேண்டும் என்பதற்காக மட்டும் லட்சங்களைத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் ஒருமுறை அங்கேயும் எட்டிப் பார்க்கலாம்.

எந்தப் பள்ளியானாலும் பணம் கட்டும் முன் வெளியேறும் விதிகளைப் படியுங்கள். நடு ஆண்டில் ‘உங்கள் பிள்ளைக்கு நாங்கள் பொருத்தமில்லை’ என்று பள்ளி சொன்னால் எத்தனை நாள் அவகாசம், மீதிப் பருவத்தின் ஃபீஸும் காஷன் டெபாசிட்டும் திரும்ப வருமா, டிசியோடு உதவித் திட்டத்தின் பிரதியும் தருவார்களா? விண்ணப்பப் படிவத்தின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருப்பது பெரும்பாலும் இதுதான்.