சமையல் மேடைக்கல்: பல வருடப் புழக்கத்தில் எது நிற்கிறது, எங்கே போகிறது

கறுப்பு கிரானைட் போட்ட சமையல் மேடையை பத்துப் பதினைந்து வருடம் கழித்துப் பார்த்தாலும் கல்லின் நடுப்பகுதி அப்படியே இருக்கும். கெடுவதெல்லாம் சிங்க்கைச் சுற்றியும், அடுப்புக்கு முன்னாலும், இரண்டு கல் சேரும் இடத்திலும்தான். கடையில் கலர் பார்க்கச் செலவழிக்கும் நேரத்தில் பாதியை, கல் வெட்டுகிற அன்று கூட நிற்பதற்கு ஒதுக்குங்கள்.

நம் மேடை மேல் தினமும் சிந்துவது புளி, எலுமிச்சை, தயிர், மஞ்சள். மார்பிளும் கடப்பாவும் சுண்ணாம்பு வகைக் கற்கள். எலுமிச்சை மூடி கவிழ்ந்து கிடந்த இடம் வட்டமாக மங்கி வெளுத்துவிடும். அது கறை இல்லை, கல்லே அரித்திருக்கிறது. எவ்வளவு தேய்த்தாலும் போகாது, மறுபாலிஷ்தான் வழி. கடப்பாவை மேடைக்குக் கீழே தாங்கவும் அலமாரித் தட்டுக்கும் போடுங்கள். அந்த வேலைக்கு அதை அடித்துக்கொள்ள வேறு கல் இல்லை.

கிரானைட்டைப் புளி ஒன்றும் செய்யாது. ஆனால் வெளிர் நிறக் கிரானைட் எண்ணெயையும் மஞ்சளையும் குடிக்கும். சாம்பிள் துண்டில் ஒரு ஸ்பூன் தண்ணீர் விட்டு 15 நிமிடம் கழித்துத் துடையுங்கள். ஈரம் நிழல்போல் உள்ளே இறங்கியிருந்தால் சீலர் (கல்லின் நுண்துளைகளை அடைக்கும் பூச்சு) அடிக்க வேண்டும், அதன் பிடி விட்டதும் மறுபடி அடிக்க வேண்டும். அதற்கு மெனக்கெட முடியாதவர்கள் கறுப்புக்குப் போய்விடலாம். கறுப்பிலும் ஒரு சங்கதி உண்டு. சாம்பல் நிறக் கல்லுக்குச் சாயம் ஏற்றி விற்பார்கள். வெள்ளைத் துணியில் நெயில் பாலிஷ் ரிமூவர் நனைத்து அழுத்தித் தேய்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

முழுக் கறுப்பின் குறை போர்வெல் தண்ணீரில் தெரியும். குழாயடியில் உப்பு வெள்ளை வளையமாகப் படியும். ஆந்திராவின் சீமகுர்த்தியிலிருந்து வரும் பிளாக் கேலக்ஸியில் பொன்னிறப் புள்ளிகள் இருப்பதால் சிறு திட்டுகள் அவ்வளவாகக் கண்ணில் படாது. படிந்த உப்புக்கு வினிகரில் சரிபாதி தண்ணீர் கலந்து தடவி, இரண்டு மூன்று நிமிடத்தில் பிளாஸ்டிக் ஸ்கிரேப்பரால் சுரண்டி, நன்றாகக் கழுவிவிடுங்கள். பாத்ரூம் ஆசிட் மட்டும் வேண்டாம். ஸ்டீல் சிங்க்கையும் சேர்த்துத் தின்னும்.

கடையில் குவார்ட்ஸ் என்று விற்பது, சுமார் 90 சதவீதம் குவார்ட்ஸ் கனிமத் தூளும் மீதி பிசினும் சேர்த்துச் செய்த செயற்கைக் கல். சீலர் தேவையில்லை, நிறம் ஒரே சீராக இருக்கும். பலவீனம் பிசினில். அடுப்பிலிருந்து இறக்கிய தோசைக்கல்லை வைத்தால் பழுப்பு வட்டம் விழும், எடுக்கவே முடியாது. வெயில் படும் யுட்டிலிட்டி பால்கனியில் போட்டால் மஞ்சளடிக்கும். இதை வெட்டும் தூசி தொழிலாளர்களின் நுரையீரலைக் கெடுப்பதால் ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் இந்த வகைக் கல்லையே தடை செய்துவிட்டது. வீட்டுக்குள் வைத்து உலர்வாக வெட்ட விடாதீர்கள். தண்ணீர் ஊற்றி, பட்டறையில் வெட்டிக்கொண்டு வரட்டும்.

நானோ ஒயிட் என்னும் செயற்கை வெள்ளைக் கல் பார்க்கப் பளிச்சென்றிருக்கும். கண்ணாடி வகை என்பதால் பாத்திரம் பட்டால் விளிம்பு சில்லுசில்லாகப் பெயரும். சமையல் மேடைக்குப் பரிந்துரைக்க மாட்டோம்.

இனி வெட்டு வேலை. உள்ளூர் ஸ்லாப் பெரும்பாலும் 16 முதல் 18 எம்.எம். கனம். ஓரத்துக்கு ஓரம் வித்தியாசம் இருக்கும், நாலு பக்கமும் டேப் வைத்துப் பாருங்கள். சிங்க்கையும் ஹாப் அடுப்பையும் (கல்லில் துளை போட்டுப் பதிக்கும் அடுப்பு) முதலில் வாங்கி, அந்தப் பொருளையே வைத்து அளவெடுக்கச் சொல்லுங்கள். துளையின் நாலு மூலையிலும் முதலில் வட்டமாக டிரில் போட்டு, பிறகு அந்த வட்டங்களைச் சேர்த்து நேர்கோட்டில் வெட்ட வேண்டும். கட்டிங் பிளேடை மூலை தாண்டி ஓட்டி விட்டால், முடி அளவு கீறல் அங்கேதான் தொடங்கும், சில வருடத்தில் முன் விளிம்பு வரை ஓடிவிடும். துளைக்கும் முன் விளிம்புக்கும் நடுவே நிற்கும் அந்த முன்பட்டை குறைந்தது மூன்று அங்குலமாவது இருக்கட்டும், அடியில் தாங்கலும் கொடுங்கள். கல் சேரும் ஜாயின்ட் சிங்க் மேலோ கிரைண்டர் வைக்கும் இடத்திலோ வரக்கூடாது.

பலர் மறப்பது அடிவரி, அதாவது கல்லின் அடியில் வெட்டும் காடி. கல் கேபினெட்டை விட ஓர் அங்குலம் முன்னால் நீட்டியிருக்க, அதன் அடியில் விளிம்பிலிருந்து அரை அங்குலம் உள்ளே மெல்லிய காடி ஒன்று வெட்ட வேண்டும். மேலிருந்து வழியும் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். அது இல்லாத மேடையில் தண்ணீர் கல்லின் அடியோடு ஊர்ந்து பிளைவுட் கதவின் மேல்முனையை உப்ப வைக்கும். கல் நன்றாயிருக்க, கேபினெட் மாற்றுகிற வீடுகள் இப்படித்தான் உருவாகின்றன.

வெளிர் கல்லைச் சாதாரண சிமென்ட் கலவையில் பதித்தால் சாம்பல் திட்டு மேலே தெரியும். வெள்ளை டைல் பசை கேளுங்கள்.

கல்லுக்கு அடியில் மாட்டும் சிங்க்கை சிலிக்கான் பசையை மட்டும் நம்பித் தொங்கவிடக் கூடாது. பாத்திரமும் தண்ணீரும் நிறைந்தால் எடை தாங்காமல் மெல்லப் பிரியும். இரு பக்கமும் கடப்பாப் பட்டையோ ஸ்டீல் ஃபிரேமோ வேண்டும். சிலிக்கான் கறுத்துப் பூசணம் பிடித்தால் அதன் மேலேயே புதிதாகப் பூசாதீர்கள், ஒட்டாது. பிளேடால் முழுதும் சுரண்டி, ஓர் இரவு சிங்க்கைப் பயன்படுத்தாமல் காயவிட்டு, பூஞ்சைத் தடுப்பு வகையைப் பூசி, மேலும் 24 மணி நேரம் தண்ணீர் படாமல் விடுங்கள்.