'இன்னைக்கு தொட்டி, நாளைக்கு ஷ்ரிம்ப்' செட்: பணம் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

சென்னையில் ஒரு கடையில் செடி வைத்த கண்ணாடித் தொட்டியில் ஷ்ரிம்ப் (அழகுக்கு வளர்க்கும் குட்டி இறால்) வளர்ப்பதற்கான செட் என்று 6,500 ரூபாய்க்கு ஒரு பேக்கேஜ் விற்கிறார்கள். 30 செ.மீ. கியூப் தொட்டி, ஆக்டிவ் சாயில், ஐந்து வகைச் செடி, பின்னால் மாட்டும் சின்ன ஃபில்டர், எல்இடி விளக்கு, ஒரு பாட்டில் பாக்டீரியா, 10 செர்ரி ஷ்ரிம்ப், 5 கிரிஸ்டல் ரெட் ஷ்ரிம்ப். "இன்னைக்கு செட் பண்ணுங்க, நாளைக்கு ஷ்ரிம்ப் விடுங்க" என்று சொல்லியே விற்கிறார்கள். எங்கள் நண்பர் ஒருவர் வாங்கினார். நான்காம் நாளில் பாதி செத்துவிட்டது. கடையில் கேட்டதற்கு "உங்க தண்ணி சரியில்ல சார்" என்று சொல்லி நீல நிற மருந்து ஒன்றையும் விற்றார்கள். அதை ஊற்றிய இரவே மீதியும் போனது. பணமும் திரும்பவில்லை.

தப்பு நண்பருடையது இல்லை. அந்த செட்டை எந்தக் கைதேர்ந்தவரிடம் கொடுத்தாலும் முடிவு இதுதான்.

முதல் கோளாறு ஷ்ரிம்ப் தேர்விலேயே இருக்கிறது. செர்ரி நியோகாரிடினா இனம். பிஎச் (அமில-காரத்தன்மை) 6.5 முதல் 7.8, ஜிஎச் (கால்சியம், மெக்னீசியம் தரும் கடினத்தன்மை) 6 முதல் 10, கேஎச் (பிஎச் ஆடாமல் தாங்கும் கார்பனேட் அளவு) 2-க்கு மேல், டிடிஎஸ் (கரைந்த பொருட்களின் மொத்த அளவு) 180 முதல் 280 இருந்தால் நன்றாக வாழும். கிரிஸ்டல் ரெட் காரிடினா இனம். அதற்கு பிஎச் 6-ஐ ஒட்டி, கேஎச் கிட்டத்தட்ட பூஜ்யம், டிடிஎஸ் 100 முதல் 150, வெப்பம் 24 டிகிரிக்குள் வேண்டும். இரண்டுக்கும் ஒரே தொட்டியில் இடமில்லை. கோடையில் சென்னை வீட்டுத் தொட்டித் தண்ணீர் 31, 32 டிகிரியைத் தொடும். தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் இல்லாத வீட்டுக்கு கிரிஸ்டல் ரெட்டை விற்பதே மோசடி.

அடுத்தது சாயில். ஆக்டிவ் சாயில் காரிடினாவுக்காக பிஎச்சையும் கேஎச்சையும் இறக்கும் மண். செர்ரிக்கு அது தேவையே இல்லை. ஊட்டம் ஏற்றிய வகைகள் முதல் சில வாரம் அம்மோனியாவைக் கசியவிடும். நண்பர் ஊற்றியது பிஎச் 8-ஐ நெருங்கும் போர்வெல் தண்ணீர். பிஎச் 7-லிருந்து 8-க்கு ஏறினால் அம்மோனியாவின் நச்சு வடிவம் ஏறக்குறைய பத்து மடங்காகும். இரண்டு பிஎச்சிலும் டெஸ்ட் கிட் ஒரே எண்ணைக் காட்டினாலும் ஷ்ரிம்புக்கு இரண்டும் ஒன்றில்லை. புதுத் தொட்டியில் அதைச் சாப்பிட பாக்டீரியா கிடையாது. பாட்டில் பாக்டீரியா முழுப் பொய் என்று சொல்லமாட்டோம், நல்ல பாட்டில் சைக்கிளை, அதாவது அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா தொட்டியில் வளர்வதை, கொஞ்சம் முன்னால் தள்ளும். ஆனால் ஒரே இரவில் தொட்டியைத் தயார் செய்யாது. வெயிலில் மாதக்கணக்கில் கிடந்த பாட்டில் என்றால் அதுவும் இல்லை.

செடிகளில் இரண்டு நீர்ச்செடியே இல்லை. ஃபிட்டோனியாவும் லக்கி பேம்பூவும் தரைச்செடிகள். தண்ணீருக்குள் சில வாரம் பச்சையாக நின்று பிறகு அழுகும், அந்த அழுகலும் அம்மோனியாதான். பண்ணையிலிருந்து வந்த செடியில் பூச்சிமருந்து ஒட்டியிருந்தால் ஷ்ரிம்ப் அன்றே துடித்துச் சாகும். டிஷ்யூ கல்ச்சர் கப் (ஆய்வகத்தில் ஜெல்லில் வளர்த்த செடி) வாங்குங்கள், ஜெல்லை முழுக்கக் கழுவுங்கள். சாதாரணச் செடியைத் தனி வாளியில், தினமும் தண்ணீர் மாற்றி ஒரு வாரமாவது ஊறவிடுங்கள். சின்னத் தொட்டிக்கு ஜாவா மாஸ், அனுபியாஸ் நானா, ஜாவா ஃபெர்ன் போதும்.

மாட்டும் ஃபில்டரின் உறிஞ்சு குழாயில் ஸ்பாஞ்ச் இல்லை. குஞ்சு பிறந்திருந்தாலும் உள்ளே போயிருக்கும்.

அந்த நீல மருந்தின் லேபிளில் காப்பர் சல்ஃபேட் என்று அச்சிட்டே இருக்கிறது. மீனுக்குச் சொன்ன அளவு காப்பரே ஷ்ரிம்பைக் கொன்றுவிடும். ஷ்ரிம்ப் விற்கிற கடைக்கு இது தெரியாமல் இருக்க வழியில்லை, எங்களுக்குப் பொறுக்கமுடியாததும் இதுதான். காப்பர் மண்ணிலும் ஸ்பாஞ்சிலும் தங்கும். ஊற்றிவிட்டிருந்தால் சாயிலையும் ஃபில்டர் ஸ்பாஞ்சையும் தூக்கிப் போடுங்கள், கண்ணாடியை நன்றாகக் கழுவிவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள்.

செர்ரிக்கு 45×30×30 செ.மீ. தொட்டி எடுங்கள். மணல் போக 30 லிட்டருக்கு மேல் தண்ணீர் நிற்கும், அதனால் சின்னத் தவறுகள் உடனே கொல்லாது. அடியில் 3 செ.மீ. கழுவிய ஆற்று மணல் அல்லது 2 மி.மீ. கூழாங்கல். சாயம் பூசிய கல் வேண்டாம். கல்லில் வினிகர் சொட்டிப் பாருங்கள், நுரைத்தால் சுண்ணாம்பு, அது கடினத்தன்மையை ஏற்றிக்கொண்டே போகும். ஃபில்டருக்கு ஏர் பம்பும் ஸ்பாஞ்ச் ஃபில்டரும். பம்ப் இருக்கும் அறையில் கொசு லிக்விடேட்டர், கரப்பான் ஸ்ப்ரே கூடாது. அவற்றிலுள்ள பைரெத்ராய்டு காற்றோடு தண்ணீரில் கலந்தால் ஷ்ரிம்ப் தாங்காது.

போர்வெல் தண்ணீர் டிடிஎஸ் 800, ஆர்ஓ 40 என்றால், மூன்று பங்கு ஆர்ஓவுக்கு ஒரு பங்கு போர்வெல் கலந்தால் 230 வரும். ஆனால் டிடிஎஸ் அளக்கும் பேனா சாதாரண உப்பையும் சேர்த்தே காட்டும். கடலோரப் பகுதியில் அந்த 800-ல் பெரும்பகுதி வெறும் உப்பாக இருக்கலாம். அதனால் ஜிஎச் சொட்டு டெஸ்ட் கட்டாயம் வேண்டும். கலந்த தண்ணீரில் ஜிஎச் 6-க்குக் கீழே நின்றால் ஷ்ரிம்ப் தோலுரிக்கும்போது முதுகில் வெள்ளை வளையம் விழுந்து சாகலாம். அப்போது போர்வெல்லை விட்டுவிட்டு, முழு ஆர்ஓவில் ஷ்ரிம்புக்கான ஜிஎச்/கேஎச் தாது உப்பைப் போட்டுக்கொள்ளுங்கள். மெட்ரோ வாட்டர் என்றால் குளோரின் நீக்கியைப் போட்ட பிறகுதான் தொட்டியில் ஊற்ற வேண்டும்.

பிறகு காத்திருக்க வேண்டும். அம்மோனியம் குளோரைடு கரைத்து அம்மோனியாவை 2 பிபிஎம்முக்கு (லிட்டருக்கு 2 மி.கி.) கொண்டுவாருங்கள். அந்த 2 பிபிஎம் 24 மணி நேரத்தில் பூஜ்யமாகி, பாக்டீரியா அதை மாற்றும்போது இடையில் வரும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டினால்தான் சைக்கிள் முடிந்தது. பொதுவாக 4 முதல் 6 வாரம் ஆகும். பாதிக்கு மேல் தண்ணீர் மாற்றி, கடைசியில் மிஞ்சும் நைட்ரேட்டை 20 பிபிஎம்முக்குக் கீழே இறக்கிய பிறகு 10 செர்ரி வாங்குங்கள். ஒரே நிறமாக இருக்கட்டும். பல நிறம் கலந்து விற்பவை ஒன்றோடொன்று சேர்ந்தால் சில தலைமுறையில் குஞ்சுகள் பழுப்பாகிவிடும். கடைத் தொட்டியில் முட்டை சுமக்கும் பெண்ணும் குஞ்சும் தெரிந்தால் அங்கேயே இனப்பெருக்கம் ஆனவை என்று நம்பலாம். வீட்டில் ஷ்ரிம்பைப் பை தண்ணீரோடு ஒரு பாத்திரத்தில் விட்டு, ஏர் ட்யூபில் முடிச்சுப் போட்டு, தொட்டித் தண்ணீரை நொடிக்கு இரண்டு சொட்டு வீதம் ஒன்றரை மணி நேரம் சொட்டவிட்டுப் பழக்கிய பிறகு தொட்டியில் விடுங்கள். பை தண்ணீரைத் தொட்டியில் ஊற்றாதீர்கள்.

ஆவியாகும் தண்ணீருக்கு ஆர்ஓ மட்டும், வாரம் 10 சதவீதம் மாற்றுவதற்கு அதே டிடிஎஸ் கலவை. உணவு வாரத்துக்கு மூன்று நாள், இரண்டு மணி நேரத்தில் தீரும் அளவு. கோடையில் மேலே சின்ன ஃபேன் வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும்.

செட்டாக வாங்கியே தீரவேண்டும் என்றால் பில்லில் ஷ்ரிம்பின் இனப்பெயரையும் செடிகளின் பெயரையும் எழுதச் சொல்லுங்கள். 'நாளைக்கே விடலாம்' என்ற வாக்கை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்குங்கள். பையைத் திறக்கும்போது வீடியோவும், அம்மோனியா டெஸ்ட் நிறத்தின் படமும் எடுத்து வையுங்கள். கடை மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையான வழக்குக்குக் கட்டணம் கிடையாது. நண்பர் கையில் பில் இல்லை, கடை எழுதிக் கொடுத்தது விலை மட்டும் குறித்த துண்டுச் சீட்டு.