காடழிக்கும் நிறுவனத்தில் நம் பணம்: விற்பதா, வாக்களிப்பதா, கடனில் நிபந்தனை வைப்பதா, அறிக்கை கேட்பதா?

ஒரு ஓய்வூதிய நிதி பங்கு வைத்திருக்கும் நிறுவனத்தால் எங்கோ ஒரு காடு அழிகிறது. நிதிக்கு அது தெரிந்தும்விட்டது. இனி என்ன செய்யலாம்? பங்கை விற்றுவிட்டு வெளியேறலாம். உள்ளேயே இருந்து வாக்குரிமையைப் பயன்படுத்தலாம். கடன் கொடுப்பவராக இருந்தால் ஒப்பந்தத்தில் நிபந்தனை வைக்கலாம். அல்லது 'விவரத்தை வெளியிடுங்கள்' என்று அறிக்கை கேட்கலாம். நிலைத்தன்மை நிதி பற்றிய பேச்சில் இந்த நான்கையும் ஒரே தட்டில் வைத்துவிடுகிறார்கள். ஆனால் நான்குக்கும் உள்ள பலம் ஒன்றல்ல.

எடைபோட நான் வைத்திருக்கும் கேள்வி ஒன்றுதான்: இயக்குநர் குழுவில் இருக்கும் குறிப்பிட்ட ஒருவரை, குறிப்பிட்ட ஓர் இடத்தைப் பற்றிப் பதில் சொல்ல வைக்கிறதா? 'இடம்' என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரு டன் கார்பன் எங்கிருந்து வெளியேறினாலும் வளிமண்டலத்துக்கு ஒன்றுதான். அதனால் காலநிலைக் கணக்கை ஒரே எண்ணில் அடக்க முடிகிறது. பல்லுயிர் வளத்தில் அது நடக்காது. இங்கே வெட்டிய சதுப்புநிலக் காட்டுக்கு வேறொரு கண்டத்தில் நட்ட மரங்கள் ஈடாகாது. இடம் சொல்லாத வாக்குறுதி இந்த விஷயத்தில் வெறும் வார்த்தைதான்.

அறிக்கை கேட்கும் வழிக்குத்தான் இப்போது ஆதரவு அதிகம். 2022 டிசம்பரில் ஏற்கப்பட்ட குன்மிங்-மான்ட்ரியல் உலகப் பல்லுயிர்க் கட்டமைப்பில் 23 இலக்குகள் உள்ளன. பெரிய நிறுவனங்களும் நிதி நிறுவனங்களும் இயற்கை மீதான தங்கள் தாக்கத்தையும் சார்பையும் மதிப்பிட்டு வெளியிட அரசுகள் வழிசெய்ய வேண்டும் என்கிறது அதன் 15-ஆவது இலக்கு. நிறுவனங்கள் இயற்கை சார்ந்த நிதித் தகவல்களை எப்படி வெளியிட வேண்டும் என்று வகுக்கும் டி.என்.எஃப்.டி. பணிக்குழு, 2023 செப்டம்பரில் தன் 14 பரிந்துரைகளை வெளியிட்டது. நிறுவனத்தின் சொத்துகளும் செயல்பாடுகளும் எந்தெந்த இடத்தில் இருக்கின்றன என்று சொல்லச் சொல்கிறது அவற்றில் ஒன்று. பழங்குடி மக்களோடும் உள்ளூர் மக்களோடும் நிறுவனம் எப்படிப் பேசுகிறது, அதை இயக்குநர் குழு எப்படி மேற்பார்வை செய்கிறது என்று கேட்கிறது இன்னொன்று. இரண்டும் நல்ல கேள்விகள்.

சிக்கல், பதில் எழுதப்படும் விதத்தில் இருக்கிறது. 'இயற்கை சார்ந்த இடர்களை எங்கள் இயக்குநர் குழு முறையாகப் பரிசீலிக்கிறது' என்று ஒரு வரி. அதோடு ஆளுகைப் பகுதி முடிந்துவிடும். எந்தத் துணைக்குழு, அதன் தலைவர் யார், கடைசியாக எந்த இடத்தைப் பற்றிப் பேசினார்கள், தலைமை நிர்வாகியின் போனஸில் எத்தனை சதவீதம் இதற்குக் கட்டுப்பட்டது? இவை இல்லாத அறிக்கை எத்தனை பக்கம் இருந்தாலும் யாரையும் உறுத்தாது. மேலும், டி.என்.எஃப்.டி. பரிந்துரைகள் தம்மளவில் கட்டாயமும் அல்ல. சரி, அதற்காக அறிக்கையே வேண்டாம் என்று சொல்லவில்லை. மற்ற மூன்று வழிகளுக்கும் தகவல் தருவது அதுதான். ஆனால் அதை முடிவாக எடுத்துக்கொண்டால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

விற்றுவிட்டு வெளியேறுவது மனசாட்சிக்கு நிம்மதி தரும் வழி. நார்வேயின் அரசு ஓய்வூதிய நிதி 2012-இல் 23 பாமாயில் நிறுவனங்களின் பங்குகளை விற்றது. அவ்வளவு பெரிய நிதி விலகினால் செய்தியாகும், மற்றவர்களும் யோசிப்பார்கள். ஆனால் சந்தையில் ஒரு பங்கை விற்கும்போது நிறுவனத்தின் பணப்பெட்டியிலிருந்து ஒரு காசுகூடக் குறைவதில்லை. இன்னொருவர் வாங்குகிறார், அவ்வளவுதான். அந்த இன்னொருவர் காட்டைப் பற்றிக் கவலையே படாதவராக இருந்தால், கேள்வி கேட்கும் ஒரே குரலும் கூட்டத்திலிருந்து போய்விடும்.

இதைவிடப் பெரிய பிரச்சினையும் உண்டு. நெதர்லாந்து மத்திய வங்கி 2020-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அந்நாட்டு நிதி நிறுவனங்களின் முதலீட்டில் 510 பில்லியன் யூரோ, அதாவது ஆராயப்பட்டதில் 36 சதவீதம், இயற்கை தரும் சேவைகளைப் பெருமளவில் சார்ந்த தொழில்களில் இருந்தது. நீர், மண், மகரந்தச் சேர்க்கை இல்லாமல் ஓடாத தொழில்கள் அவை. இத்தனையிலிருந்தும் வெளியேறி எங்கே போவது? வெளியேறுவதற்குப் பல் இருப்பது ஓர் இடத்தில் மட்டும்தான். நிறுவனம் கடன் திரட்டப் புதிதாகக் கடன் பத்திரம் வெளியிடும்போது 'வாங்க மாட்டோம்' என்று சொன்னால், அப்போதுதான் நிதித்துறைத் தலைவரின் மேசையில் அது விழும்.

அப்புறம் வாக்கு. இதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இதில் நம்பிக்கையும் ஏமாற்றமும் சேர்ந்தே கிடக்கின்றன. 2020 அக்டோபரில் அமெரிக்க நுகர்பொருள் நிறுவனமான பிராக்டர் அண்ட் கேம்பிளின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஒரு தீர்மானம் வந்தது. காகிதக் கூழுக்காகவும் பாமாயிலுக்காகவும் காடுகள் அழிவதையும் சிதைவதையும் நிறுத்தும் முயற்சியை நிறுவனம் எப்படி வலுப்படுத்தலாம் என்று அறிக்கை தரும்படி அது கேட்டது. இயக்குநர் குழு எதிர்த்தது. ஆனாலும் சுமார் 67 சதவீத வாக்கு தீர்மானத்துக்கு விழுந்தது. உலகின் மிகப்பெரிய சொத்து மேலாண்மை நிறுவனமான பிளாக்ராக்கும் ஆதரித்தது. இப்படி நிர்வாகத்தை மீறிப் பெரும்பான்மை கிடைப்பது அபூர்வம். ஆனால் அந்தத் தீர்மானம் ஆலோசனை வகை, நிறுவனத்தைச் சட்டப்படி கட்டுப்படுத்தாது. பின்வந்த ஆண்டுகளில் சில இயக்குநர்களின் மறுதேர்வுக்கு எதிராகப் பிரசாரம் நடந்தது, அவர்கள் மறுபடியும் தேர்வானார்கள். தீர்மானத்துக்குக் கை தூக்கியவர்கள் ஆட்களை மாற்றும் கட்டத்தில் பின்வாங்கியதுதான் அங்கே நடந்தது.

ஆளைத் தொட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சுரங்க நிறுவனமான ரியோ டின்டோ உதாரணம். அது பல்லுயிர் விவகாரம் அல்ல, பண்பாட்டுச் சின்னத்தின் அழிவு. ஆனால் ஆளுகைப் பாடம் ஒன்றேதான். 2020 மே மாதம், மேற்கு ஆஸ்திரேலியாவில் இரும்புத்தாது சுரங்கத்தை விரிவாக்க ஜூகன் பள்ளத்தாக்கின் பாறைக் குகைகளை வெடிவைத்துத் தகர்த்தது அந்த நிறுவனம். 46,000 ஆண்டு மனித வாழ்வின் தடயம் இருந்த இடம் அது. சட்டப்படியான அனுமதி கையில் இருந்தது என்பதையும் கவனியுங்கள். இயக்குநர் குழு முதலில் போனஸைக் குறைத்து விஷயத்தை முடிக்கப் பார்த்தது. முதலீட்டாளர்கள் அதை ஏற்கவில்லை. செப்டம்பரில் தலைமை நிர்வாகியும் இரண்டு மூத்த அதிகாரிகளும் விலகுவதாக அறிவிப்பு வந்தது. 2021 மார்ச்சில் குழுத் தலைவரும் தொடரப்போவதில்லை என்றார். குகைகள் திரும்பி வரப்போவதில்லை. ஆனால் சுரங்கத் தொழிலில் இருக்கும் எல்லா இயக்குநர் குழுக்களும் அந்த நான்கு பெயர்களைக் கவனித்திருக்கும்.

வாக்கின் குறை நேரம்தான். பெரும்பாலும் அழிவு நடந்த பிறகே கோபம் திரள்கிறது. அழியும் முன்பே கையைப் பிடிக்கக்கூடியவர் கடன் கொடுப்பவர். அதனால்தான் நான்கில் கடன் நிபந்தனைக்கு என் முதல் இடம். உலக வங்கிக் குழுமத்தைச் சேர்ந்த ஐ.எஃப்.சி.யின் ஆறாவது செயல்திறன் தரநிலை, மிக முக்கியமான வாழிடம் என்று கருதப்படும் இடத்தில் பல்லுயிர் வளத்துக்கு நிகர நன்மையைக் காட்டச் சொல்கிறது. வங்கிகள் தாமாக ஏற்கும், 2003-இல் தொடங்கிய ஈக்குவேட்டர் கொள்கைகள் வழியாகப் பல தனியார் வங்கிகளும் அந்தத் தரநிலைகளைத் தங்கள் திட்டக் கடன்களில் பயன்படுத்துகின்றன. இங்கே இடம் தெரியும், வரைபடம் உண்டு. மீறினால் அடுத்த தவணையை நிறுத்தலாம்.

ஓட்டையும் இங்கேதான். திட்டக் கடன் என்றால் அணை, சுரங்கம், குழாய் என்று குறிப்பிட்ட ஒன்றுக்குக் கொடுப்பது. அதே நிறுவனம் 'பொது நிறுவனத் தேவைக்கு' என்று கடன் வாங்கினால் பணம் எந்தக் காட்டுக்குள் போகிறது என்று ஒப்பந்தம் கேட்காமல் போகலாம். தோட்டத்தை விரிவாக்கும் நிறுவனங்கள் அன்றாடச் செலவுக்கு வாங்கும் நடைமுறை மூலதனக் கடனில் ஓடும்போது, திட்டக் கடனுக்கு மட்டும் கடுமையான விதி வைத்து என்ன பயன்? வங்கியின் கொள்கை ஆவணத்தைப் படிப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

நிலைத்தன்மை இலக்கோடு வட்டியை இணைக்கும் பத்திரங்கள் இந்த ஓட்டையை அடைக்கும் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. இத்தாலியின் எனெல் நிறுவனம் 2019-இல் தொடங்கிவைத்த வகை இது. இலக்கு தவறினால் வட்டி 0.25 சதவீதம் கூடும். 100 கோடி யூரோ பத்திரத்துக்கு அது ஆண்டுக்கு 25 லட்சம் யூரோ. பெரிய நிறுவனத்துக்கு இது செலவே அல்ல. இலக்கு தவறியதால் வட்டி கூடினால் முதலீட்டாளருக்குத்தான் லாபம் என்பது இன்னொரு முரண். இந்த வகையில் எனக்குப் பிடித்தது ஒரு நாட்டின் பத்திரம். உருகுவே 2022-இல் 150 கோடி டாலருக்கு வெளியிட்டது. இயற்கைக் காட்டின் பரப்பு 2012 அளவைவிடக் குறைந்தால் வட்டி கூடும், குறிப்பிட்ட அளவு கூடினால் வட்டி குறையும். செயற்கைக்கோள் படத்தில் சரிபார்க்கக்கூடிய இலக்கு அது. நிறுவனங்களும் இந்த அளவுக்குத் தெளிவாக இடத்தைச் சொன்னால் என் கருத்தை மாற்றிக்கொள்வேன்.

ஆக, வங்கி நடத்துபவர் என்றால் நிறுவனத்தின் பொதுத் தேவைக்கான கடனிலும் இட வரைபடம் கேளுங்கள். பத்திரம் வாங்குபவர் என்றால் புது வெளியீட்டுக்கு முன் கேளுங்கள், பிறகு கேட்டுப் பயனில்லை. சந்தைக் குறியீட்டில் உள்ள பங்குகளை அப்படியே வாங்கிவைக்கும் குறியீட்டு நிதியில் பணம் போட்டவருக்கு விற்கும் வழி இல்லை, கடன் வழியும் இல்லை. அவர் தன் நிதி மேலாளரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: காடழிப்புத் தீர்மானத்துக்கு ஆதரவாக வாக்களித்தீர்கள், நல்லது, நிர்வாகம் அதைக் கண்டுகொள்ளாதபோது இயக்குநர் குழுவில் இதற்குப் பொறுப்பான துணைக்குழுத் தலைவரின் மறுதேர்வுக்கு எதிராக வாக்களித்தீர்களா?