ஆட்டோமேட்டிக் ஹெட்லைட்டை ஆஃப் செய்து தருகிறோம் என்பார்கள், கவனம்

பழைய பிக்கப் டிரக் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இருட்டினால் தானாக எரியும் ஹெட்லைட்டை வேண்டும்போது அணைத்து வைக்க ஒரு வழி செய்து தரச் சொல்லி ஒரு ஒர்க்‌ஷாப்பில் வண்டியை விட்டேன். பில்லில் எழுதியது ஒரு வேலை, வண்டியில் செய்தது வேறு வேலை. செய்த வேலை முதலில் என் டெயில் லைட்டை அணைத்தது, அப்புறம் ஓடிக்கொண்டிருக்கும்போதே இரண்டு ஹெட்லைட்டையும் அணைத்தது. கடையின் பெயரை எழுதப் போவதில்லை. இதே வேலையை இதே முறையில் செய்யும் கடைகள் நிறைய இருக்கின்றன என்பது பின்னால்தான் தெரிந்தது. ஆகவே வேலை எப்படி இருந்தது என்பதைச் சொல்கிறேன். உங்கள் வண்டியிலும் அப்படி இருந்தால் உடனே கழற்றுங்கள்.

எனக்கு ஏன் இது தேவைப்பட்டது என்று கேட்பீர்கள். டிரக்கின் பின்தட்டில் டெலஸ்கோப்பை ஏற்றிக்கொண்டு நண்பர்களோடு வானம் பார்க்கப் போகும் பழக்கம் உண்டு. கண் இருட்டுக்கு முழுதாகப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும். வண்டியை ஸ்டார்ட் செய்த கணம் ஹெட்லைட் பளீரென்று எரிந்தால் அங்கே இருக்கும் எல்லோருடைய கண்ணும் பாழ். திட்டு வாங்காமல் வீடு திரும்ப முடியாது. அவ்வளவுதான் தேவை: நின்ற இடத்தில் கொஞ்ச நேரம் அணைத்து வைக்க வேண்டும், சாலையில் எப்போதும்போல் எரிய வேண்டும். கடையில் இதைத் தெளிவாகத்தான் சொன்னேன்.

வண்டி 2000களின் நடுவில் வந்த ஷெவர்லே சில்வராடோ. செகண்ட் ஹேண்டில் வாங்கியது, கையேடு கூட வரவில்லை. இந்தத் தலைமுறை டிரக்கில் தானாக எரிவது இரண்டு வகை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதில்தான் பாதி ஏமாற்று நடக்கிறது. ஒன்று பகல் விளக்கு, டிஆர்எல் என்பார்கள். எஞ்சின் ஓடும்போது முன்பக்கம் மட்டும் எரியும், பின்பக்கம் எதுவும் எரியாது. இன்னொன்று, வெளிச்சம் குறைந்ததும் ஹெட்லைட்டையும் டெயில் லைட்டையும் சேர்த்துப் போடும் ஏற்பாடு. டேஷ்போர்டின் மேல், முன் கண்ணாடி ஓரமாகச் சின்னதாக ஒரு ஒளி சென்சார் இருக்கும். வெளிச்சத்துக்கு ஏற்ப மாறும் அதன் சிக்னலைப் படித்து, பகலா இரவா என்று பாடி கண்ட்ரோல் மாட்யூல் என்ற வண்டியின் சின்னக் கம்ப்யூட்டர் முடிவு செய்யும். முடிவு செய்ததும் ரிலேக்குக் கட்டளை போகும், ரிலே விளக்கைப் போடும். ரிலே என்பது, உள்ளே இருக்கும் காயில் என்ற கம்பிச் சுருளுக்குக் கொஞ்சம் கரன்ட் கொடுத்தால் பல்புக்கான பெரிய கரன்டைத் திறந்துவிடும் சுவிட்ச்.

கடைக்காரர் வண்டியைப் பார்த்துவிட்டு, “சென்சார் போயிருக்கு சார், மாத்தணும். மாட்யூலையும் ரீபுரோகிராம் பண்ணிட்டு தனியா ஒரு சுவிட்ச் வச்சுத் தர்றோம்” என்றார். சென்சார் நன்றாகத்தானே வேலை செய்கிறது, அதனால்தானே இருட்டினால் எரிகிறது என்று கேட்டேன். “பழைய வண்டி சார், எப்ப வேணா போகும்” என்று பதில் வந்தது. வண்டி திரும்பி வந்தபோது ஸ்டியரிங்குக்குக் கீழே அழகாக ஒரு டாகிள் சுவிட்ச் இருந்தது. மேலே தள்ளினால் ஹெட்லைட், கீழே தள்ளினால் இல்லை. தானாக எரிவது அடியோடு நின்றிருந்தது. நான் கேட்டது இதுவல்ல என்றேன். “இப்ப கன்ட்ரோல் உங்க கையில சார்” என்று சிரித்தார்.

கோளாறு முதலில் வெளிப்பட்டது பின்னால் வந்த நண்பர் மூலம். வானம் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் போன் செய்து, “உன் வண்டிக்குப் பின்னாடி விளக்கே இல்லடா, பிரேக் பிடிச்சாத்தான் வண்டி இருக்கிறதே தெரியுது” என்றார். முன்னால் ஹெட்லைட் நன்றாக எரிகிறது, டேஷ்போர்டு பளபளவென்று இருக்கிறது. உள்ளே இருப்பவனுக்குச் சந்தேகம் வர ஒரு காரணமும் இல்லை. பின்பக்கம் இருட்டாக ஓடும் இப்படிப்பட்ட வண்டிகளால்தான் கனடாவில் விதியையே திருத்தினார்கள். 2021 செப்டம்பரிலிருந்து அங்கே வரும் புது வண்டிகளில் டிஆர்எல்லோடு டெயில் லைட்டும் எரிய வேண்டும், அல்லது இருட்டினால் எல்லா விளக்கும் தானாகப் போட்டுக்கொள்ள வேண்டும், அதுவும் இல்லை என்றால் டேஷ்போர்டு இருட்டாகவே இருந்து ஓட்டுநருக்கு உணர்த்த வேண்டும். என் டிரக்கில் அந்தப் பாதுகாப்பு கம்பெனியிலிருந்தே இருந்தது. காசு கொடுத்து அதை எடுக்க வைத்திருக்கிறார்கள்.

கடைக்குப் போன் செய்தேன். “கம்பெனி குமிழைப் பார்க்கிங் லைட்டுக்குத் திருப்பிட்டு நம்ம சுவிட்சையும் போடுங்க சார், ரெண்டும் எரியும்” என்றார்கள். அதாவது ஒரு வேலைக்கு இரண்டு சுவிட்ச். ஒன்றை மறந்தால் பின்னால் வருபவன் வந்து இடிப்பான்.

சரி, வேறு ஆளிடம் காட்டலாம் என்று இருந்தபோதே அடுத்தது நடந்தது. தெருவிளக்கு இல்லாத நெடுஞ்சாலை, நல்ல இருட்டு. பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தது. என்ன என்று யோசிப்பதற்குள் இரண்டு ஹெட்லைட்டும் ஒன்றாகப் போய்விட்டன. ஒரு பக்க பல்பு போவது எல்லோருக்கும் பழக்கம்தான், இன்னொரு பக்கம் வழி காட்டும். இரண்டும் சேர்ந்து போனால் சாலை இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. ஹசார்டு விளக்கைப் போட்டு, அதன் விட்டு விட்டு வரும் வெளிச்சத்தில் ஓரக்கோட்டைப் பிடித்து வண்டியை நிறுத்தினேன். சுவிட்சைத் தொட முடியவில்லை, அப்படிச் சுட்டது.

டேஷ்போர்டைப் பிரித்துப் பார்த்தவர் எனக்குத் தெரிந்த வயதான ஆட்டோ எலக்ட்ரீஷியன். அதிகம் பேச மாட்டார். வயரை ஒவ்வொன்றாக வெளியே இழுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு முறை தலையை ஆட்டினார். அவர் காட்டியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலாவது, சென்சார் மாற்றப்படவே இல்லை. பழைய சென்சார் அதே தூசியோடு அதே இடத்தில் இருந்தது. அதன் கனெக்டரை மட்டும் வெட்டிவிட்டு, மாட்யூலுக்குப் போகும் இரண்டு வயருக்கும் நடுவில் ஒரு ரெசிஸ்டரை முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள். சால்டர் கூட இல்லை. சென்சாரைச் சும்மா கழற்றிவிட்டால் பல வண்டிகளில் மாட்யூல் அதை இருட்டு என்றோ கோளாறு என்றோ எடுத்துக்கொண்டு விளக்கைப் போட்டே வைக்கும். அதனால்தான் இந்த ரெசிஸ்டர் வித்தை. என் வண்டியின் மாட்யூலுக்கு நள்ளிரவும் நட்டநடுப் பகல்தான். டெயில் லைட் வராததற்குக் காரணம் இதுவே. டேஷ்போர்டு எண்கள் இரவில் கண்ணைக் கூசும் அளவுக்கு எரிந்ததற்கும் காரணம் இதுவே. மாட்யூலை உண்மையிலேயே ரீபுரோகிராம் செய்திருந்தால் அதை ஏமாற்ற ரெசிஸ்டர் எதற்கு? பில்லில் இருந்த இரண்டு பெரிய வரிகளும் பொய் என்பதற்கு அந்த ஒரு ரெசிஸ்டர் போதும்.

இரண்டாவதுதான் என்னை நடுரோட்டில் நிறுத்தியது. பானெட்டுக்குக் கீழே ஃபியூஸ் பெட்டியில் லோ பீம் ரிலேயையே பிடுங்கிவிட்டு, அது உட்காரும் சாக்கெட்டில் 30 (பேட்டரி கரன்ட் வரும் முனை), 87 (விளக்குக்குப் போகும் முனை) என்ற இரண்டிலும் மெல்லிய வயரைச் செருகி, நேராக அந்த டாகிள் சுவிட்சுக்கு இழுத்திருந்தார்கள். ரிலே எதற்காக இருக்கிறதோ அதையே எடுத்துவிட்டார்கள். சாதாரண ஹாலஜன் லோ பீம் பல்பு ஒன்று 55 வாட். இரண்டுக்கும் 110 வாட், 12 வோல்ட்டில் ஒன்பது ஆம்பியருக்குமேல். இது ஓடும்போது இழுக்கும் கரன்ட். சுவிட்ச் போடும் கணத்தில் குளிர்ந்த ஃபிலமென்ட் இதைவிடப் பல மடங்கு இழுக்கும். அந்தச் சுவிட்சின் முதுகில் அச்சடித்திருந்தது 125 வோல்ட் ஏசியில் 6 ஆம்பியர். ஏசி கரன்ட் ஒவ்வொரு சுழற்சியிலும் பூஜ்யத்துக்கு இறங்கி ஏறுவதால் தொடுமுனையில் எழும் பொறி தானே அணையும். வண்டி பேட்டரி தரும் டிசியில் அந்த வசதி கிடையாது. ஏசிக்கு எழுதிய எண்ணை வண்டிக்கு அப்படியே நம்பக் கூடாது. இங்கே அந்த எண்ணே போதவில்லை என்பது வேறு கதை. முனை கருகி, ரெசிஸ்டன்ஸ் ஏறி, சூடாகி, உடல் உருகி, கடைசியில் தொடர்பு விட்டுப் போனது.

அந்த மெல்லிய வயருக்குப் போட்டிருந்த ஃபியூஸ் 30 ஆம்பியர்! ஃபியூஸ் வயரைக் காப்பாற்றத்தான் இருக்கிறது. வயர் தாங்குவதைவிடப் பெரிய ஃபியூஸ் போட்டால் முதலில் எரிவது வயர். சுவிட்ச் முந்திக்கொண்டு உருகியது என் அதிர்ஷ்டம் என்றார் பெரியவர். ரிலேயின் 30 முனையில் எப்போதும் பேட்டரி கரன்ட் இருக்கும் என்பதால், சாவியை எடுத்த பிறகும் இந்த விளக்கு எரியும். மறந்து இறங்கினால் காலையில் பேட்டரி காலி.

இன்னொன்றையும் சொன்னார். அணைவதற்கு முன்பே என் விளக்குகள் மங்கலாகத்தான் எரிந்திருக்கும். ஹாலஜன் பல்பின் வெளிச்சம் வோல்டேஜோடு சமமாகக் குறையாது, அதைவிட வேகமாகக் குறையும். பத்து சதவீதம் வோல்டேஜ் விழுந்தால் வெளிச்சம் ஏறக்குறைய முப்பது சதவீதம் போய்விடும். மெல்லிய வயரும் கருகிய சுவிட்சும் அந்தப் பத்து சதவீதத்தைச் சுலபமாகத் தின்னும். உங்கள் வண்டியிலும் யாராவது சுவிட்ச் வைத்திருந்தால், விளக்கு எரியும்போது சுவிட்சின் இரண்டு முனைக்கும் நடுவில் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். வோல்ட்டின் பத்தில் சில பங்குக்குமேல் காட்டினால் அதை நம்பி இரவில் ஓட்டாதீர்கள்.

இதையெல்லாம் காட்டி முடித்த பிறகு பெரியவர் வண்டியை ஸ்டார்ட் செய்யச் சொன்னார். அதற்குள் சென்சார் கனெக்டரைச் சரிசெய்து ரிலேயையும் திருப்பிப் போட்டிருந்தார். ஷெட் இருட்டு, ஹெட்லைட் தானாக எரிந்தது. கூரை விளக்கை அணைத்து வைக்கும் ஓவர்ரைடு பட்டனை நான்கு முறை சடசடவென்று அழுத்தினார். டிங் என்று ஒரு சத்தம், ஹெட்லைட் அணைந்தது. வண்டியை ஆஃப் செய்து மறுபடி ஸ்டார்ட் செய்தால் பழையபடி தானாக எரிகிறது. அந்த வருட சில்வராடோவில் கம்பெனியே வைத்த வழி இது. ஆறு விநாடிக்குள் நான்கு அழுத்து என்று கையேட்டிலேயே இருக்கிறது. எனக்குத் தேவைப்பட்டது அச்சு அசலாக இதுதான். இந்த டிரக்குகளைத் தினம் பிரிக்கும் கடைக்கு இது தெரியாது என்று நான் நம்பத் தயாராக இல்லை. தெரிந்திருந்தால் பில் போட முடியாதே.

எல்லா வண்டியிலும் இந்தப் பட்டன் வழி கிடையாது. சிலவற்றில் குமிழிலேயே ஆஃப் நிலை இருக்கும். சிலவற்றில் வண்டி பார்க்கில் நிற்கும்போது ஹேண்ட் பிரேக்கை இழுத்தால் பகல் விளக்கு நிற்கும். முதலில் அந்த மாடல், அந்த வருடத்துக்கான கையேட்டைத் தேடிப் படியுங்கள். அதில் வழியே இல்லை, தனி சுவிட்ச் வைத்தே ஆக வேண்டும் என்றால், பெரியவர் சொன்ன விதி ஒன்று: சுவிட்ச் எந்த நாளும் கெடும், கெட்டால் விளக்கு எரியும் பக்கம் நிற்க வேண்டும், அணையும் பக்கம் அல்ல. பல்புக்குப் போகும் கரன்டைச் சுவிட்ச் தொடவே கூடாது. ரிலே காயிலுக்குப் போகும் கட்டளையை மட்டும், அதுவும் 87ஏ முனை (காயிலுக்குக் கரன்ட் போகாதபோது இணைந்தே இருக்கும் முனை) உள்ள இன்னொரு சின்ன ரிலே வழியாக, சுவிட்ச் போட்டால்தான் துண்டிக்கும்படி அமைக்க வேண்டும். அந்தச் சின்ன ரிலேயின் காயில் இழுப்பது 0.2 ஆம்பியர் அளவுதான். எந்தச் சுவிட்சும் அதைத் தாங்கும். வயர் அறுந்தாலும் சுவிட்ச் உடைந்தாலும் வண்டி கம்பெனி நிலைக்குத் திரும்பிவிடும்.

கடையில் வண்டியை விடும் முன் இதை வரைந்து காட்டச் சொல்லுங்கள். எந்த வயரை வெட்டுவீர்கள், டெயில் லைட் தானாக வருமா, கழற்றிய பழைய பொருளைக் கையில் தருவீர்களா என்று கேளுங்கள். பழைய சென்சார் எங்கே என்று நான் கேட்டபோது “குப்பையில போட்டாச்சு சார்” என்றார்கள். அது அப்போது என் டேஷ்போர்டிலேயே இருந்தது.

சட்டமும் இருக்கிறது. கனடாவில் 1989 டிசம்பருக்குப் பிறகு தயாரான வண்டிகளுக்கு டிஆர்எல் கட்டாயம். அமெரிக்காவில் டிஆர்எல் கட்டாயமில்லை, ஜெனரல் மோட்டார்ஸ் 1995 மாடல்களிலிருந்து தானாக முன்வந்து வைக்கத் தொடங்கியது. ஆனால் ஹெட்லைட்டும் டெயில் லைட்டும் அங்கே கட்டாயப் பாதுகாப்புக் கருவிகள். அவற்றைத் தெரிந்தே செயலிழக்கச் செய்ய ஒர்க்‌ஷாப்களுக்கு மத்தியச் சட்டம் தடை போடுகிறது. உங்கள் நாட்டு விதி எதுவானாலும், விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பது இப்படி வெட்டிய வயரைத்தான்.

உருகிய சுவிட்ச், ரெசிஸ்டர், பில் மூன்றையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். படங்களையும் பெரியவர் எழுதித் தந்த குறிப்பையும் காட்டினேன். சுவிட்ச் தரமில்லாமல் வந்துவிட்டது என்று ஆரம்பித்தவர், ரெசிஸ்டரை மேசையில் வைத்ததும் பேச்சை நிறுத்தினார். சென்சாருக்கும் ரீபுரோகிராமுக்கும் வாங்கிய பணம் திரும்பி வந்தது. கூலியைத் தர முடியாது என்றார்கள், “வேலை செஞ்சிருக்கோம்ல சார்” என்று. அந்தத் தொகைக்கு எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்திருக்கிறேன். இதே வேலையைச் செய்துகொண்டவர்கள் இன்றிரவே வண்டியை ஸ்டார்ட்டில் விட்டுப் பின்னால் போய் டெயில் லைட்டைப் பாருங்கள். அப்புறம் ஃபியூஸ் பெட்டியைத் திறந்து ரிலே இருக்கிறதா என்று பாருங்கள்.