ட்ராக்குக்கும் பள்ளிக்கும் ஒரே பிரேக்: போலோவில் சில ஆண்டு அனுபவம்

பிரேக் அப்கிரேட் என்றதும் எல்லோரும் முதலில் விசாரிப்பது பெரிய டிஸ்க்கையும் சிவப்பு காலிப்பரையும்தான் (சக்கரத்தோடு சுழலும் தட்டு டிஸ்க்; பேட்டை அதன்மேல் அழுத்திப் பிடிப்பது காலிப்பர்). என் காரில் இன்றுவரை இருப்பது கம்பெனி காலிப்பர், கம்பெனி அளவு டிஸ்க். மாற்றியது பிரேக் ஆயில், டிஸ்க்கை உரசி நிறுத்தும் முன் பேட், ஆயில் போகும் ஹோஸ். கூடவே காற்றுக்காக ஒரு குழாய். இதே அமைப்பில் சில ஆண்டுகள் ஓட்டியாகிவிட்டது. எந்தக் காசு வேலை செய்தது, எது பார்வைக்கு மட்டும் என்று இப்போது சொல்ல முடியும்.

கார் 2015 ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ. 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல், 105 குதிரைத்திறன், ஏழு கியர் டிஎஸ்ஜி (தானே கியர் மாற்றும் வகை). முன்னால் வென்டிலேட்டட் டிஸ்க், பின்னால் டிரம், 15 அங்குல வீல். வாரம் முழுக்கப் புதுச்சேரியில் முத்தியால்பேட்டைக்கும் நூறடி ரோட்டுக்கும் இடையில் ஊர்ந்து கிடக்கும். வருடத்தில் சில ஞாயிறுகள் மட்டும் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக். 1990-ல் திறந்த அந்த ட்ராக்குக்கு இப்போது மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட் என்று பெயர். எங்கள் வாயில் இன்னும் பழைய பெயரின் சுருக்கமான எம்எம்ஆர்டி-தான். சுற்று ஒன்றுக்கு 3.7 கி.மீ., 12 வளைவுகள். மொரட்டாண்டி டோல் தாண்டி, திண்டிவனம், செங்கல்பட்டு, அப்புறம் சிங்கப்பெருமாள் கோவிலில் இடதுபக்கம் திரும்பி ஒரகடம் வழியாகப் போனால் ஏறக்குறைய 150 கி.மீ. டிரெய்லரில் ஏற்றிப் போகிற வசதியெல்லாம் கிடையாது. ஓட்டிப் போய், சுற்றிவிட்டு, அதே காரில் வீடு வந்து, திங்கட்கிழமை காலை அதே காரில் பிள்ளையைப் பள்ளியில் விட வேண்டும். பிரேக் விஷயத்தில் நான் எடுத்த எல்லா முடிவுக்கும் இதுதான் காரணம்.

சாலையில் நன்றாகப் பிடிக்கிற பிரேக் ட்ராக்கில் ஏன் திணறுகிறது? கணக்கு எளிது. ஆளோடு சேர்த்து 1,200 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். நேர்பாதையில் 150 கி.மீ. வேகத்தில் வந்து வளைவுக்காக 70-க்கு இறக்கினால், சுமார் 8 லட்சம் ஜூல் வெப்பமாக மாறுகிறது. இரண்டு லிட்டருக்கு மேல் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமான சூடு அது, நாலைந்து வினாடிக்குள். இதில் 70 சதவீதம் முன் டிஸ்க்குகளுக்குப் போகிறது என்றும், ஒரு டிஸ்க் ஐந்து கிலோ என்றும் எடுத்தால், ஒரே அழுத்தலில் டிஸ்க்கின் சூடு 120 டிகிரி அளவுக்கு ஏறும். ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். இப்படியே ஒரு செஷனுக்குப் பதினைந்து, இருபது நிமிடம். நகரத்தில் எவ்வளவு முரட்டுத்தனமாக ஓட்டினாலும் இந்தச் சூடு வராது. எந்தக் கம்பெனி காராக இருந்தாலும் வீட்டுக்கார் என்றால் இதே கதைதான்.

சூடு மிஞ்சும்போது பிரேக் இரண்டு விதமாகக் கைவிடும். இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாவிட்டால் தப்பான சாமானை வாங்குவோம். பெடல் கல் மாதிரி இறுகி நிற்கிறது, எவ்வளவு மிதித்தாலும் வண்டி நிற்கவில்லை, கருகிய நாற்றம் வருகிறது என்றால் பேட் தாங்கவில்லை; அதிலுள்ள பிசின் ஆவியாகிப் பிடிமானம் போய்விட்டது. பெடல் தொளதொளவென்று உள்ளே இறங்குகிறது, இரண்டு மூன்று தடவை பம்ப் செய்தால்தான் பிடிக்கிறது என்றால் பிரேக் ஆயில் கொதித்து உள்ளே ஆவிக் குமிழ் வந்துவிட்டது. என் காரில் முதலில் வந்தது இரண்டாவது வகை. பெரிய டிஸ்க்குக்கு விலை கேட்டபோது லட்சத்தைத் தாண்டிச் சொன்னார்கள். பிரேக் ஆயிலுக்கு ஆனது இரண்டாயிரத்துக்குள்.

பிரேக் ஆயிலின் தரவகைகளில் ஒன்றான டாட் 4 புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. 3.7 சதவீதம் ஈரம் ஏறிவிட்டால் அதே ஆயிலுக்கு எல்லை 155 டிகிரிதான். பிரேக் ஆயில் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும் சாமான். புதுச்சேரி மாதிரி கடலோரத்தில், ஐப்பசி கார்த்திகையில் துணியே காயாத காற்றில், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும் என்ற பொது விதியை நான் நம்புவதில்லை. எங்கள் மெக்கானிக் அண்ணன் ப்ளீட் செய்யும்போது (பழைய ஆயிலையும் காற்றையும் வெளியேற்றும்போது) கண்ணாடிக் குழாயைத் தூக்கிக் காட்டினார். கறுத்த ஆயிலில் முத்து முத்தாகக் குமிழ். "பாரு தம்பி, இதை வச்சிக்கினுதான் நூத்தம்பதுல போயினு இருந்த" என்றார். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

இப்போது ஊற்றுவது மோட்டுல் ஆர்பிஎஃப் 600. புதிதில் கொதிநிலை 312 டிகிரி, ஈரம் ஏறிய பிறகும் 200-க்கு மேல். மழைக்காலம் முடிந்ததும் முழுசாக மாற்றுவேன், ட்ராக் நாளுக்கு முன்னால் முன் சக்கரம் இரண்டிலும் ப்ளீட் மட்டும். இதற்குப் பிறகு பெடல் ஒருமுறைகூட உள்ளே இறங்கவில்லை. ஒரு எச்சரிக்கை: டாட் 5.1 வேறு, டாட் 5 வேறு. டாட் 5 சிலிக்கான் வகை. மற்றதோடு கலக்காது, ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள காருக்கும் ஆகாது. கடையில் நம்பரை ஒழுங்காகப் படித்து வாங்குங்கள்.

பேட் விஷயம் இவ்வளவு சுலபமாக முடியவில்லை. முதலில் போட்டது ட்ராக்குக்கென்றே செய்த, உலோகம் அதிகம் கலந்த பேட். ட்ராக்கில் அருமை. கடைசிச் சுற்றிலும் முதல் சுற்றின் பிடிமானம். ஆனால் அந்த வகைப் பேட்டுக்குச் சூடு ஏறினால்தான் உயிர் வரும். விடியற்காலையில் மழை தூறிக்கொண்டிருக்க, மொரட்டாண்டி டோல் வரிசையின் வாலில் மிதித்தால் ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் பிடித்தது. முருகா தியேட்டர் சிக்னலில் நிற்பதற்குள் அது போட்ட கீச்சுச் சத்தத்தில் பக்கத்து ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்து, "சார், பேட் தேஞ்சு போச்சு, மாத்திடுங்க" என்று அக்கறையாகச் சொல்வார். மாற்றியதே அந்தச் சத்தம் என்று எப்படிச் சொல்வது! வீல் முழுக்கக் கறுப்புத் தூள். இரண்டு நாள் கழுவாமல் விட்டால் உப்புக்காற்றில் அது துருவாகப் பழுத்து ஒட்டிக்கொள்ளும்.

பிறகு சாலைக்கும் ட்ராக்குக்கும் நடுவில் நிற்கிற வகைக்கு மாறினேன். குளிரிலும் பிடிக்கிறது, சத்தம் அரிது. செஷனின் கடைசி இரண்டு சுற்றில் கொஞ்சம் மந்தமாகும். அப்போது நானே வேகத்தைக் குறைத்துக்கொள்வேன். எனக்கு இந்தச் சமரசம் சரி. நேரக் கணக்குப் பார்த்து ஓட்டுபவர்கள் ட்ராக் பேட்டைத் தனியாக வைத்திருந்து, பிட்டில் (ட்ராக் ஓரத்தில் கார் நிறுத்துமிடம்) ஜாக்கி போட்டு மாற்றிக்கொள்ளலாம். பழகிய கைக்கு ஒரு மணி நேர வேலைகூட இல்லை. ஆனால் இருவேறு பேட்டை ஒரே டிஸ்க்கில் மாற்றி மாற்றிப் போட்டால், ஒன்று டிஸ்க்கில் பூசிவிட்ட படிவத்தின் மேல் மற்றொன்று ஒழுங்காக உட்காராது. புதுப் பேட்டை ட்ராக்கின் முதல் செஷனில் மிதமாக மிதித்து மிதித்துச் சூடேற்றிப் பதமாக்குவதே நல்லது; ஈசிஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலை) செய்து காட்டுகிற வேலை இல்லை.

செஷன் முடிந்ததும் கடைசிச் சுற்றைப் பிரேக் தொடாமல் ஆறவிட்டு ஓட்டுகிறேன். பிட்டில் நிறுத்தினால் பெடலில் கால் வைப்பதில்லை, ஹேண்ட்பிரேக்கும் போடுவதில்லை. சக்கரத்துக்கு ஒரு கட்டை. கொதிக்கிற டிஸ்க்கைப் பேட் கவ்விக்கொண்டு நின்றால் அந்த இடத்தில் மட்டும் படிவம் ஒட்டி, அப்புறம் ஸ்டீயரிங் நடுங்கும். டிஸ்க் வளைந்துவிட்டது என்று லேத்துக்கு ஓடுகிற பல கேஸ்கள் இதுதான்.

ஸ்டீல் பின்னிய ஹோஸ் போட்டதில் பெடல் கொஞ்சம் கெட்டியானது. பழைய ரப்பர் ஹோஸுக்கு எப்படியும் வயதாகிவிட்டிருந்தது. இல்லையென்றால் அந்தச் செலவை அவசரமாகச் செய்திருக்க மாட்டேன். ஃபாக் லேம்ப் பக்கத்திலிருந்து டிஸ்க்குக்குக் காற்று கொண்டுபோகும் குழாய்க்கு ஆன செலவு அற்பம், பலன் நன்றாகவே இருக்கிறது. மழைக்காலத்தில் மட்டும் அதன் வாயை அடைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் தெருத் தண்ணீரை நேராக டிஸ்க்கில் அடிக்கும்.

பெரிய டிஸ்க் கிட்டை ஏன் விட்டேன் என்று இன்னும் கேட்கிறார்கள். கார் எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்பதை முடிவு செய்வது டயரின் பிடிமானம். ஏபிஎஸ் வேலை செய்கிற அளவுக்குக் கம்பெனி பிரேக்கே அழுத்துகிறது என்றால், பெரிய டிஸ்க் தருவது சூடு தாங்கும் திறன் மட்டும். அதற்காக 15 அங்குல வீலை மாற்றி, சக்கர எடையைக் கூட்டி, முன் பின் பிரேக் சமநிலையைக் குலைத்துக்கொள்ள இந்தச் சக்தியுள்ள காரில் அவசியம் இல்லை. பின் டிரம்மை டிஸ்க்காக மாற்றலாமா என்ற கேள்விக்கும் என் பதில் வேண்டாம் என்பதே. ஓட்டை போட்ட டிஸ்க்கோ சூட்டில் ஓட்டையைச் சுற்றி விரிசல் விடும். அப்புறம் பாலிசியையும் ஒருமுறை படித்துப் பாருங்கள்: பந்தயம், வேகச் சோதனை போன்றவற்றுக்கு வழக்கமான கார் இன்சூரன்ஸ் செல்லாது.

நம்மூரில் பிரேக்கை அதிகம் தின்பது ட்ராக் இல்லை, கடல்தான். இரவு நிறுத்திய காரின் டிஸ்க் காலையில் செம்பழுப்பாக இருக்கும். முதல் நாலு மிதியில் அது போய்விடும், பயம் இல்லை. பயப்பட வேண்டியது காலிப்பர் உள்ளும் வெளியும் நகர உதவும் ஸ்லைடு பின். ஒருமுறை இடதுபக்கப் பேட் மட்டும் சாய்வாகத் தேய்ந்திருந்தது. பின்னைக் கையால் இழுத்தால் வரவில்லை. பிளையரால் திருகி எடுத்தபோது பாதி நீளத்துக்குத் துரு, கிரீஸ் கட்டியாகிக் கிடந்தது. இப்படி இறுகிய காலிப்பரில் எந்தப் பேட் போட்டும் பிரயோஜனம் இல்லை. இப்போது பேட்டைக் கழற்றும் ஒவ்வொரு முறையும் பின்னைத் துடைத்து, பிரேக்குக்கான சிலிக்கான் கிரீஸ் தடவி, ரப்பர் உறை கிழியவில்லையே என்று பார்க்கிறேன். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியபோது கார் அச்சு வரை தண்ணீரில் நின்றது. பிறகு பின் டிரம்மைத் திறந்தால் உள்ளே உரசும் ஷூவின் மேல் சேறு காய்ந்து பூசியிருந்தது. கழுவிக் காயவைத்து ஷூவை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மாட்டினோம். பின்னாலிருந்து வந்த உரசல் சத்தம் போய்விட்டது.

டிஸ்க் ஓரத்தில் இப்போது விரல் நகம் தட்டுகிற அளவுக்கு விளிம்பு எழும்பியிருக்கிறது. குறைந்தபட்சத் தடிமன் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கிறது. அளந்து பார்த்ததில் இன்னும் கொஞ்சம் மிச்சம் உண்டு. அது தீர்ந்ததும் அதே கம்பெனி அளவு டிஸ்க்கைத்தான், ஜோடியாக, மறுபடி வாங்கப் போகிறேன்.