‘சூளையில் சுட்ட எனாமல்’ என்று நம்பி வாங்கிய பாதாம் பூ

அக்காவுக்குப் பையன் பிறந்தபோது என்ன பரிசு கொடுப்பது என்று நான் அதிகம் யோசிக்கவில்லை. வான் கோவின் பாதாம் பூ ஓவியம் என்றால் அவளுக்கு உயிர். தம்பி தியோவுக்கு மகன் பிறந்ததற்காக வான் கோ 1890இல் வரைந்தது அது. நீல வானத்தில் வெள்ளைப் பூ விட்ட கிளைகள். அதையே எனாமலில் டாலராகச் செய்து தருவதாக ஒரு இணையக் கடை விளம்பரம் செய்திருந்தது. ஆர்டர் கொடுத்துவிட்டேன்.

‘வெள்ளிக் கம்பி வளைத்த க்ளுவாசொனே, சூளையில் சுட்ட அசல் எனாமல், முழுக்கக் கைவேலை’ என்று போட்டிருந்தார்கள். கூடவே, கனலும் சூளையிலிருந்து ஒரு டாலரை இடுக்கியால் எடுக்கும் வீடியோ. நான் விழுந்தது அதில்தான். அந்தக் கையும் சூளையும் யாருடையவோ!

பொருள் வந்தது. ஓவியத்தை அப்படியே உரித்து ஒட்டியது போல இருந்தது. தூரிகைத் தடம்கூடத் தெரிந்தது. அசந்துபோய் அன்றைக்கே அக்காவிடம் கொடுத்தேன். சந்தேகப்பட்டிருக்க வேண்டிய இடமே அதுதான்.

எனாமல் என்பது கண்ணாடிப் பொடி. க்ளுவாசொனேயில் மெல்லிய கம்பியை வளைத்துச் சின்னச் சின்ன அறைகள் கட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு நிறப் பொடியை ஈரமாக நிரப்பி, ஏறக்குறைய 750 முதல் 850 டிகிரி செல்சியஸில் சில நிமிடம் சுடுவார்கள். பொடி உருகி அமுங்கிவிடும் என்பதால் திரும்ப நிரப்பித் திரும்பச் சுட வேண்டும். விரல்நக அளவு இடத்தில் எத்தனை கம்பிதான் வளைக்க முடியும்? ஓவியத்தில் பாதியை விட்டுத்தான் ஆக வேண்டும். கம்பி இல்லாமல், வெள்ளை எனாமல் மேல் தூரிகையால் தீட்டிச் சுடும் முறையும் உண்டு. பிரான்சின் லிமோஜ் நகரம் அதற்குப் பேர்போனது. அதில் நுணுக்கம் வரும். ஆனால் இவர்கள் சொன்னது கம்பி வேலை.

சில மாதம் கழித்து அக்கா கேட்டாள். “கண்ணாடின்னு சொன்னியே, சங்கிலிக் கொக்கி பட்டதுக்கே கீறல் விழுமாடா?” வாங்கிப் பார்த்தேன். நீலத்தில் ஒரு பச்சைச் சாயல் ஏறியிருந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் கம்பி என்று நினைத்தவை வெறும் தங்க நிறக் கோடுகள். அச்சடித்த படம், மேலே ரெசின் என்னும் பிளாஸ்டிக் பிசின், கீழே வெறும் தகடு. அவ்வளவுதான்.

ஊசியைச் சூடாக்கி ஓரத்தில் வைத்தேன், உள்ளே இறங்கியது. கண்ணாடியில் இறங்காது. ஆனால் இதை நீங்கள் செய்யாதீர்கள், அல்லது எல்லாப் பக்கமும் படம் எடுத்து, புகார் அனுப்பிவிட்டுச் செய்யுங்கள். ஏனென்றால் கடைக்காரர் முதலில் பிடித்துக்கொண்டது அந்த ஊசித் துளையைத்தான். “சேதப்படுத்திவிட்டு வருகிறீர்களே சார்!” அப்புறம், ஏழு நாளுக்குள் சொல்லவில்லை என்றார். கடைசியாக, “கோல்ட் எனாமலும் எனாமல்தானே?” சுடாமல் இறுகும் ரெசினுக்குத் தொழிலில் அந்தப் பெயர் (cold enamel, தங்கம் அல்ல) புழங்குவது உண்மைதான். ஆனால் சுடாத பொருளுக்குச் சூளை வீடியோ எதற்கு? இதற்குப் பதில் வரவில்லை. நான் எழுதிய மதிப்புரையை நீக்கினால் பாதிப் பணம் தருவதாக மட்டும் ஒரு செய்தி வந்தது. நீக்கவில்லை. பணமும் வரவில்லை.

ரெசின் நகை மட்டம் என்று நான் சொல்லவில்லை. ரெசின் என்று சொல்லி விற்றால் யாருக்கு வருத்தம்? வாங்குவதற்கு முன் பின்பக்கப் படம் கேளுங்கள். ஆறும்போது உலோகம் கண்ணாடியைவிட அதிகமாகச் சுருங்கும். ஒரு பக்கம் மட்டும் எனாமல் இட்டால் தகடு வளையும், எனாமல் விரிசல் விடும். அதனால் மெல்லிய தகட்டு வேலையில் பின்னாலும் எனாமல் பூசுவது வழக்கம். பின்பக்கம் கனமான மூடி ஒட்டியிருந்தால் ஏன் என்று கேளுங்கள். சாய்த்துப் பிடித்து வெளிச்சத்தில் எடுத்த படமும் கேளுங்கள். எத்தனை முறை சுட்டீர்கள் என்றும் கேளுங்கள். உண்மையில் செய்கிறவர் இதற்கு அலுத்துக்கொள்ள மாட்டார், நம்மைப் பேச விடாமல் பேசுவார்.

அப்படி ஒருவர் கிடைத்தார். கேட்ட அன்றே பின்பக்கப் படம் அனுப்பினார், திட்டுத்திட்டாக நீலம். “ஓவியம் மாதிரியே வராது சார், முன்னாடியே சொல்லிடறேன். ரெண்டு கிளை, நாலு பூ. அதுக்கு மேல கம்பி நிக்காது” என்றார். அக்காவுக்கு அந்த நாலு பூவைச் சொல்லி வைத்திருக்கிறேன்.